நாற்றமில்லாத பட்டை

ஆயா மரத்துப் பட்டையை ஒருமுறை அரைத்துவிட்டால் அந்த நாற்றம் மூன்று நாளைக்கு வீட்டில் குடியிருக்கும். செத்த எலி என்பார் சிலர், நனைந்து காயாத சாக்கு என்பார் சிலர். நம் ஊர் ஏரிக்கரைகளில் சாதாரணமாக நிற்கிற மரம்தான். இலையைக் கசக்கினாலே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அதன் உள்பட்டையை ஊறவைத்து, வடிகஞ்சி விட்டு மையாக அரைத்து, வெதுவெதுப்பாக வீங்கிய மூட்டில் பூசினால் வீக்கம் வடியும் என்று முன்னோர் கண்டு வைத்திருந்தார்கள். வடிந்ததா, வடிந்ததுபோல் இருந்ததா என்று படித்தவர்கள் கேட்கலாம், கேட்கட்டும். உட்கார முடியாதவர்கள் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் என்ற இடத்தில் ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே, தண்டவாள வேலைக்கு ஆள் விடும் ஒரு கண்டிராக்டரின் லயம் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசையாகப் பத்து அறைகள். ஐந்தாவது அறையில் கன்னையாவும் அவன் மனைவி பவுனம்மாளும் இருந்தார்கள். ஆறாவதில் சபாபதியும் அவன் மனைவி மாரியாயியும். இரண்டு ஆண்களும் ஒரே கேங்கில் ஜோடி ஆட்கள். ஒரு செங்கால் கட்டையின் முன்தலையைக் கன்னையா தூக்கினால் பின்தலையைச் சபாபதி தூக்குவான். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற அந்தக் கட்டை கல்லைவிடக் கனம். ஒருவன் வலத்தோளில் ஏற்றுவான், மற்றவன் இடத்தோளில். ஆறு வருஷம் இப்படியே சுமந்ததில் ஒருவனுக்கு வல முழங்கால் வீங்கியது, மற்றவனுக்கு இட முழங்கால். அவர்கள் மண்டோர் ரெங்கசாமி, கேங்குக்கு மேலாள், வாய்க்கொழுப்புக்காரர். "ரெண்டு பேரையும் நடுவிலே பிளந்து ஒட்டினா, ஒரு முழு ஆளும் ஒரு முழு நொண்டியும் கிடைப்பான்டா" என்பார்.

பட்டை பவுனம்மாளிடம் இருந்தது. அவளும் கன்னையாவும் வீட்டாருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு கப்பல் ஏறியவர்கள். இரண்டு சாதி. அவள் அப்பன் அரிவாளோடு தேடினான் என்று பின்னால் சேதி வந்தது. ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று அம்மாக்காரி மட்டும் கொல்லைப்புறம் வந்து, பழஞ்சேலையில் கட்டிய ஒரு மூட்டையைக் கையில் திணித்தாள். பிரித்துப் பார்த்தால் காய்ந்த ஆயாப் பட்டை. பொன்னும் இல்லை, துணியும் இல்லை. போகிற இடத்தில் உடம்பை வருத்திப் பிழைக்கப் போகிறவர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவுனம்மாள் அம்மியில் உட்கார்ந்தாள் என்றால் லயமே முகம் சுளிக்கும். "பவுனு விருந்து வைக்கிறா, எல்லாரும் ஓடுங்க" என்று கேலி பேசுவார்கள். அவள் யாரையும் சட்டை செய்யமாட்டாள். அரைத்ததில் பாதியைக் கணவன் முழங்காலுக்கு வைத்துக்கொள்வாள். மறுபாதியைத் தேங்காய் ஓட்டில் வழித்து, பலகைச் சுவரின் அடியில் ஒரு பலகை உடைந்திருந்த சந்து வழியாக அந்தப் பக்கம் தள்ளுவாள். மாரியாயியின் கை வந்து வாங்கிக்கொள்ளும். இப்படி இரண்டு வருஷம்.

அது என்ன பட்டை என்று மாரியாயி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. மருந்தின் பேரைச் சொன்னால் பலிக்காது என்பது நம்மவர்கள் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த கட்டு. கொடுக்கிறவர்கள் சொல்லமாட்டார்கள், வாங்குகிறவர்கள் கேட்கமாட்டார்கள். வெளிப்பட்டையைச் சீவிவிட்டுத்தான் பவுனம்மாள் ஊறவைப்பாள். பார்த்தவர்களுக்கு அது எந்த மரம் என்று தெரியாது. நாற்றம் மட்டும் தெரியும். மாரியாயி பிறந்தது கடலோர உப்பு மண். அந்தப் பக்கம் அவள் இந்த மரத்தைக் கண்டதே இல்லை.

முப்பத்தோராம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது, ஈயம் விழுந்தது, எல்லாம் விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண்டிராக்டரும் கேங்கில் ஆள் குறைக்கச் சொன்னார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மண்டோர் ரெங்கசாமி லயத்து வாசலில் நின்று அதைச் சொன்னார். அன்று அவர் வாயில் கேலி இல்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் இருக்கலாம், ஒருவர் போக வேண்டும். அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை டிரஸ்ஸர், உடம்பைச் சோதிக்கிற ஆஸ்பத்திரி ஆள், வருவார். ஒவ்வொருவரும் அவர் முன்னால் பத்துத் தடவை குந்தி எழ வேண்டும். முடியாதவருக்கு ஊருக்குச் சீட்டு. குடும்பத்துக்கும் சேர்த்து.

மற்ற ஆறு பேருக்கும் கால் நன்றாக இருந்தது. ஆகவே அந்த ஒருவர் யார் என்பது இரண்டு அறைகளுக்குள் அடங்கிப்போனது. ஐந்தா, ஆறா.

பவுனம்மாள் அன்று சோறு வடிக்கும்போதே கணக்குப் போட்டாள். அரிசித் தகரத்துக்குள் மூன்று பட்டைத் துண்டுகள் மிச்சம் இருந்தன. இரண்டு முழங்காலுக்கு ஒரு வாரம் வரும், ஒரு முழங்காலுக்கு இரண்டு வாரம் வரும். மாரியாயிக்கு ஊரில் போய் இறங்க ஒரு கூரை உண்டு, மாமியார் உண்டு. தனக்கு அரிவாள்தான் உண்டு. இப்படித்தான் அவள் நினைத்தாள். அவளைக் கடிந்துகொள்ள அவசரப்படாதீர்கள், கண்ணுகளா. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தகரத்தின் அடி தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மிச் சத்தம் கேட்காததால் மாரியாயி சந்தின் அருகே வந்து குரல் கொடுத்தாள். பவுனம்மாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "தீர்ந்துபோச்சு மாரி" என்றாள். "அப்படின்னா அண்ணனுக்கும் இல்லையாக்கா?" என்று கேட்டாள் மாரியாயி. பவுனம்மாள் இல்லை என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பட்டை இருந்தும் அதை அரைக்க முடியாது. அரைத்தால் நாற்றம் சுவரைத் தாண்டும், பொய் அந்த நிமிஷமே செத்துவிடும். நாற்றமில்லாத ஒன்று வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு துண்டை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு பெட்டாலிங் தெருவுக்கு நடந்தாள். அங்கே சீன மருந்துக்கடை ஒன்று. கடைக்காரரே வைத்தியரும், சின்சே என்பார்கள். அவள் துண்டை நீட்டி, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், இதுபோல் வேண்டும், வாசனை கூடாது என்று சொன்னாள். கிழவர் முகர்ந்து பார்த்தார், மூக்கு மடங்கியது, சிரித்தார். சுவர் முழுக்க இருந்த மர இழுப்பறைகளில் ஒன்றை இழுத்து, வெளுத்த நீளப் பட்டை ஒன்றை எடுத்தார். அதன் நுனியைத் தன் தேநீரில் தோய்த்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தார். வெட்டிய வெண்டைக்காய்போல் வழவழத்தது. நாற்றமே இல்லை. இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இனி அபாங், இத்து ஆடே" என்றார். இது அண்ணன், அது தம்பி, அதாவது அவளுடையது அண்ணன், அவருடையது தம்பி. ஒரே குடும்பத்து மரமாம்.

அவர் சும்மா விடவில்லை. தன் நாட்டில் இந்தப் பட்டையை வீக்கத்துக்கும் கட்டிக்கும் அரைத்துப் போடுவார்கள், தொண்டைப் புண்ணுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பார்கள், பஞ்ச காலத்தில் மாவாக இடித்துத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் உண்டு என்று கையாட்டிச் சொன்னார். பவுனம்மாள் பாதியைக் கேட்டாள், பாதியைக் கேட்கவில்லை. விலையும் கொஞ்சம்தான். இழுப்பறை நிறைய இருந்தது. ஒரு மூட்டு என்ன, லயம் முழுவதற்கும் பூசலாம். அப்போதாவது அவள் வாய் திறந்திருக்கலாம். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். முந்தானையில் பழைய துண்டு, கையில் மருந்துப் பொட்டலம். மஞ்சள் காகிதத்தில், எதிரெதிரே வளைந்த இரண்டு மீன்களைச் சிவப்பு மையில் முத்திரையாகக் குத்தியிருந்தார்கள். லயத்து வாசலில் கால் வைத்ததும் டிரஸ்ஸரின் நினைவு வந்தது, யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும் என்பதும் வந்தது. நினைத்ததெல்லாம் போயிற்று.

கன்னையா முழங்காலில் பூசும்போது, என்ன இன்று நாறவே இல்லை என்று கேட்டான். பழசாகிவிட்டது, வாசனை போய்விட்டது என்றாள். சபாபதிக்குக் கொடுத்தாயா என்று கேட்டான். கொடுத்தேன் என்றாள். வேலையிடத்தில் அந்த இரண்டு வாரமும் அவனும் சபாபதியும் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் போட்டி போடுகிற மாதிரி ஆகிவிடும் என்று இருவருக்குமே கூச்சம். முன்தலையும் பின்தலையுமாகக் கட்டையைச் சுமந்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள்.

வழவழப்பான அந்தப் பட்டை நன்றாகவே வேலை செய்தது. நாலாம் நாள் கன்னையாவின் முழங்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் சபாபதி எழுந்திருக்கும்போது சுவர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுவது பலகை முனகுவதிலேயே கேட்கும். பலகையைப் பார்க்காமல் இருக்க பவுனம்மாள் அடுப்பைப் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ மாரியாயி உள்ளேயே வந்துவிட்டாள். அவள் அப்படி வருகிறவள் அல்ல. நின்றபடியே பேசினாள்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான். அந்த மரத்துப் பேரை மட்டும் சொல்லுங்க. கிள்ளான்லே ஊர் மருந்து விக்கிற ஆளு ஒருத்தர் இருக்காராம். கேரித் தீவுலே தோட்டத்து ஆளுங்ககிட்டேயும் கேட்டுப் பாக்கிறேன். கிடைச்சா பாதி உங்களுக்குக் கொண்டாறேன்."

பவுனம்மாள் விறகைத் தள்ளினாள். தள்ள வேண்டிய விறகு இல்லை.

"பேர் சொன்னா பலிக்காதுடி. உனக்குத் தெரியாததா?"

"மருந்து இருந்தாத்தானேக்கா அந்தக் கட்டு? இப்ப இல்லையே."

"இல்லாட்டியும் அதேதான்."

மாரியாயி தலையாட்டினாள். பெரியவர்கள் சொன்ன கட்டை மீறச் சொன்னது தன் தப்பு என்பதுபோல முகம் சிறுத்துப்போயிற்று. போகத் திரும்பியவள் சாமிப் படத்துக்கு அடியில் பலகையில் விரித்திருந்த மஞ்சள் காகிதத்தைப் பார்த்தாள். பவுனம்மாள் எதையும் வீணாக்காதவள். பொட்டலக் காகிதத்தை மடிப்பு நீக்கி அங்கே விரித்து வைத்திருந்தாள்.

"மீனு ரெண்டும் நல்லாயிருக்கே" என்றாள் மாரியாயி. பவுனம்மாள் ஆமாம் என்றாள்.

திங்கட்கிழமை வந்தது. நடந்ததைக் கன்னையாதான் பிறகு சொன்னான். பக்கவாட்டு ரயில் பாதையருகே எட்டுப் பேரையும் நிறுத்தினார்களாம். டிரஸ்ஸர் பெயர்களை எழுதிக்கொண்டார், மண்டோர் எண்ணினார். ஆறு பேரும் சுலபமாக முடித்தார்கள். கன்னையா பத்தும் எழுந்தான். பத்தாவதில் கொஞ்சம் தள்ளாடினான், ஆனாலும் எழுந்தான். சபாபதி ஆறுவரை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். ஏழாவது தடவை குந்தியவன் அப்படியே இருந்தான். தண்டவாளத்தைப் பிடிக்கப் பார்த்தான். எதையும் பிடிக்கக் கூடாது என்றார் டிரஸ்ஸர். கன்னையா கை கொடுக்கப் போனான். ஆளையும் தொடக் கூடாது என்றார். சபாபதி குந்தியபடியே சிரித்தானாம். "மண்டோரே, எனக்கு இந்த இடம் பிடிச்சுப்போச்சு" என்றானாம். ரெங்கசாமி சிரிக்கவில்லை, ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது சபாபதி கன்னையாவிடம் சொல்லியிருக்கிறான். மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, வியந்துதான் சொன்னான்.

"மருந்து தீர்ந்து பதினஞ்சு நாளாச்சு. இருந்தும் பத்து எழுந்துட்டீங்களேண்ணே. உங்க காலு ராசியான காலு."

கன்னையா வீட்டுக்கு வந்து, பட்டை எங்கே என்று கேட்டான். பவுனம்மாள் அடுப்பை ஊதத் தொடங்கினாள். அவனே தேடினான். அரிசித் தகரத்தில் கைவிட்டபோது மூன்று துண்டும் கிடைத்தன. அரிசியெல்லாம் அந்த நாற்றம் ஏறியிருந்தது. இத்தனை நாளும் சோற்றில் அது இருந்திருக்கிறது, இருவரும் கவனிக்கவில்லை. துண்டுகளைத் தரையில் வைத்துவிட்டு அவன் சொன்னான்:

"பாதி குடுத்திருந்தா நானும் ஏழுலே உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. ரெண்டு பேரும் ஏழுலே உட்கார்ந்திருந்தா, அப்புறம் அது டிரஸ்ஸர் பாடு. நம்ம பாடு இல்லே."

அவன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. சட்டையை மாட்டி, துண்டுகளை எடுத்துக்கொண்டு மண்டோரிடம் போனான். போகிற பெயரை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறான். காகிதம் மேலே போய்விட்டது, போன காகிதத்தைத் திருப்பிக் கூப்பிடத் தான் என்ன துரையா என்று ரெங்கசாமி சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் மூன்று துண்டுகளையும் கன்னையா ஆற்றில் போட்டான். அன்றிலிருந்து அந்த முழங்காலில் அவன் எதையும் பூசவிடவில்லை.

பவுனம்மாள் தனக்குத்தானே பல சமாதானங்கள் சொல்லிப் பார்த்தாள். பட்டையால்தானா? மிச்சமிருந்தது மூட்டையின் அடியில் கிடந்த பழம்பட்டைதானே, சத்து போயிருக்கும். சபாபதியின் வீக்கம் எப்போதுமே கொஞ்சம் அதிகம்தானே. ஒருவேளை பட்டை பாதி, நம்பிக்கை பாதியாக இருக்கலாம். அப்படியானால் தான் மறுத்தது நம்பிக்கையையும் சேர்த்துத்தானே என்று கடைசியில் வந்து நிற்கும். எந்த வழியாகப் போனாலும் அந்தச் சந்தில்தான் வந்து நிற்கும், தேங்காய் ஓடு போகிற சந்தில்.

ஆறாவது அறை காலியாகிற காலை, மாரியாயி மூட்டையெல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். கையில் அந்தத் தேங்காய் ஓடு. அதன் அடியில் விரல் நகம் அளவுக்குக் கறுத்துக் காய்ந்த பசை.

"தீர்ந்துபோச்சுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே ஓட்டுலே ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சேர்த்து வெச்சேன்க்கா. அவருக்குப் போடலாம்னு. அப்புறம் அண்ணனுக்கும் இல்லையேன்னு தோணிச்சு. ரெண்டு பேருக்கும் பத்தாது. போடவே மனசு வரல்லே, அப்படியே வெச்சுட்டேன். இனிமே அவருக்கு எதுக்கு? அண்ணனுக்கு வெச்சுக்குங்க."

பவுனம்மாள் ஓட்டை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? வாங்கியதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை மாரியாயி பிரிவின் துக்கம் என்று நினைத்து, அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

கப்பலுக்குக் காத்திருப்பவர்களைப் போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு கொட்டகையில் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார்கள். மறுநாள் காலை பவுனம்மாள் பெட்டாலிங் தெருவுக்கு ஓடி, அதே சின்சேயிடம் ஒரு பெரிய பொட்டலம் வாங்கினாள். ரயிலேறினாள். கன்னையா எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ரயிலில் அவள் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தாள். அதிகம் ஒன்றும் இல்லை. மாரி, நான் பொய் சொன்னேன், பட்டை இருந்தது, கடையும் தெரியும். இவ்வளவுதான். கிள்ளானில் கூடைக்காரிகள் ஏறி, எதிரில் உட்கார்ந்து மீன் விலையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அந்த இரைச்சலிலும் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது.

கொட்டகையில் மாரியாயி அவளைக் கண்டதும் ஓடிவந்தாள். சபாபதி தகரப் பெட்டியின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கப்பலில் குந்தி எழச் சொல்ல மாட்டார்கள், படுத்தே போகலாம் என்று கேலி பேசினான். பவுனம்மாள் பொட்டலத்தை நீட்டினாள்.

"மாரி, சீனன் கடைப் பட்டை. நம்ம ஆயா மரத்துப் பட்டைக்குத் தம்பியாம். அதுதான் அந்தப் பேரு. ஆயா மரம். ஊர்லே ஏரிக்கரையிலே நிக்கும், யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. இதையும் அதே மாதிரி அரைச்சுப் போடு."

மாரியாயி இரண்டு கையாலும் வாங்கினாள். "பேரைச் சொல்லிட்டீங்களேக்கா" என்றாள், பயந்ததுபோல. பிறகு கேட்டாள்: "இந்தக் கடை எப்பக்கா தெரியும்?"

கண்ணுகளா, மனப்பாடம் செய்ததெல்லாம் பவுனம்மாளின் நாக்கு நுனியில்தான் இருந்தது. மாரியாயியின் முகம் அவ்வளவு கிட்டே இருந்தது. நல்ல பதிலுக்காகக் காத்திருக்கிற முகம்.

"நேத்துதான்" என்றாள் பவுனம்மாள்.

மாரியாயி தலையாட்டினாள். நேற்றாவது தெரிந்ததே என்றாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு காகிதத்தைத் தடவினாள். இரண்டு சிவப்பு மீன்கள். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டையைத் தன் துணியில் கொட்டிக்கொண்டு, காகிதத்தை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். போகும்போது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

அதன் பிறகு மூன்று வருஷம். கன்னையாவின் முழங்கால் இறுகிப்போயிற்று. மண்டோர் நல்ல மனதோடு அவனைக் கொடிபிடிக்கிற வேலைக்கு மாற்றினார். கட்டை தூக்கப் புது ஜோடிகள் வந்தார்கள். ஆறாவது அறையிலும் வேறு குடும்பம் வந்தது. சுவர்ச் சந்தைப் புதுப் பலகை போட்டு அடைத்துவிட்டார்கள். தேங்காய் ஓடு மட்டும் பவுனம்மாளின் அடுப்படியில், தொடாமல், அந்தக் கறுத்த பசையோடு இருந்தது. யாராவது ஓட்டைக் குப்பையில் போடப் போனால் அவளுக்குக் கோபம் வரும். ஏன் என்று சொல்லமாட்டாள்.

முப்பத்து நாலில் மறுபடி ஆட்கள் கப்பலில் வர ஆரம்பித்தார்கள். வீரம்மா என்று ஒருத்தி, முன்பு எட்டாவது அறையில் இருந்தவள், அவளும் திரும்பி வந்தாள். அவள் லயத்து வாசலில் மூட்டையை இறக்கியதும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கரையிறங்கும் இடத்தில் தொற்றுநோய்க்குப் பயந்து துணிமணிகளையெல்லாம் நீராவியில் வேகவைத்தும் இந்த நாற்றம் போகவில்லை, கப்பலில் பக்கத்தில் ஒருத்தரும் படுக்கவில்லை என்று வீரம்மா சலித்துக்கொண்டாள். மூட்டைக்குள்ளிருந்து இன்னொரு மூட்டையை எடுத்தாள். பழஞ்சேலை. பவுனம்மாளுக்குப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

"மாரியாயி குடுத்தனுப்பிச்சா. அவ புருஷன் இப்ப நல்லா நடக்கிறாரு, உப்பளத்திலே வேலை. உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. எனக்கு அர்த்தம் புரியல்லே, சொல்லிடறேன்."

"சொல்லு."

"நாத்தமில்லாத பட்டை இனிமே வாங்க வேணாமாம். இதையே அரைக்கணுமாம். இதை அரைச்சாத்தான் பக்கத்து வீட்டுக்குத் தெரியுமாம்." வீரம்மா சிரித்தாள். "பட்டையைச் சுத்தி ஒரு சீனக் கடுதாசியும் வெச்சிருக்கா பாரு. எதுக்குன்னு கேட்டேன். பவுனக்காவுக்குத் தெரியும்னு சொல்லிட்டா."

நாலாக மடித்த மஞ்சள் காகிதம். மடிப்பில் மீன்கள் இரண்டும் வெளுத்துப்போயிருந்தன. சாமிப் படத்துக்கு அடியில் விரித்த காகிதத்தை மாரியாயி அன்றே பார்த்திருந்தாள். கொட்டகையில் அதே மீன்களைப் பொட்டலத்தில் பார்த்தபோது, நேற்று என்பது நேற்று இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பவுனம்மாள் அம்மியை அறைக்குள் வைத்து அரைக்கவில்லை. வெளியே பொதுக்குழாயடிக்குத் தூக்கிவந்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அரைத்தாள். நாற்றம் ஆற்றங்கரைவரை போயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எந்த எலி செத்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் பேரைச் சொன்னாள். ஆயா மரம். கிடைக்காவிட்டால் பெட்டாலிங் தெருவில் இன்ன கடை, இன்ன இழுப்பறை என்றும் சொன்னாள். அந்தக் கடை தனக்கு எப்போது தெரியும் என்பதையும் சொன்னாள், நாள் தவறாமல். யாரும் கேட்காமலே. இந்தக் கதை எங்களுக்கெல்லாம் தெரிந்தது அப்படித்தான். கேட்டவர்களில் சிலர் காறித் துப்பினார்கள். சிலர் அதற்குப் பிறகு அவளிடம் நெருப்புக்குச்சிகூடக் கேட்கவில்லை. அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. கன்னையாவின் முழங்காலுக்கு மட்டும் அவள் கை போகவில்லை, அவனும் கேட்கவில்லை.

பேர் சொன்னால் பலிக்காது என்ற கட்டு பொய்யாகத்தான் போயிற்று. பேர் தெரிந்து பூசிக்கொண்டவர்களுக்கும் வீக்கம் வடிந்தது. ஒவ்வொருவருக்கு வடியும்போதும் பவுனம்மாளின் முகம் ஏன் சுருங்கிப்போகிறது என்று தெரியாதவர்கள் கேட்பார்கள்.

ஆறாவது அறைக்குப் புதிதாக வந்திருந்த பெண் ஒருநாள் குழாயடிக்கு ஓடிவந்தாள். அவள் புருஷனுக்கு ஒரு மாதமாக முழங்கால் மடக்க முடியாமல் இருந்தது.

"அக்கா, இன்னிக்குக் குந்தி எழுந்துட்டாருக்கா" என்றாள்.

பவுனம்மாள் அம்மியிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தனை தடவை?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். அதையெல்லாம் யார் எண்ணினார்கள் என்றாள்.